முதல் அச்சில் இருந்தது என்ன?

(ஆங்கில ஆசிரியர்களுக்கும் பள்ளி நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கும் நடந்த வாசிப்புப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நவீன பிரிட்டிஷ் நாவல்களின் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பை அறிவித்ததுமே, “நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்ற கேள்வி சிலர் முகத்தில் தெரிந்தது. நியாயமான கேள்விதான். 2021 டிசம்பரில், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் உள்ள ஹெரிடேஜ் ஏல நிறுவனம், ‘ஹாரி பாட்டர் அண்ட் தி ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்’ நாவலின் முதற்பதிப்புப் பிரதி ஒன்றை 4,71,000 டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ரூபாய். அதே கதையை நம் ஊர்ப் புத்தகக் கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். பணம் படைத்தவர்களின் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அந்த விளையாட்டில் இறங்கியவர்கள் எல்லோரும் கைக்கொள்ளும் ஒரு பழக்கம் இருக்கிறது. நூலைக் கையில் வாங்கியதும் நாம் ஒருபோதும் படிக்காத ஒரு பக்கத்தைத்தான் அவர்கள் முதலில் படிப்பார்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்குமே, அந்தப் பதிப்பு விவரப் பக்கம். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம் சில நாவல்களில் நாம் இதுவரை தவறான வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தோம் என்பதைக் காட்டிக்கொடுத்தார்கள். விலையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்தப் பக்கம் நமக்குப் புதிதில்லை. ஆறாம் வகுப்புப் பாடநூலை எடுத்து அட்டையைத் திருப்புங்கள். “முதல் பதிப்பு – 2018” என்று இருக்கும். அதன் கீழே “திருத்திய பதிப்பு” என்று சில ஆண்டுகள் வரும். ‘திருத்திய’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். முதல் பதிப்பில் இருந்த ஏதோ ஒன்று பிறகு மாறியிருக்கிறது என்று பாடநூலே நம்மிடம் சொல்கிறது. என்ன மாறியது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதற்பதிப்புச் சேகரிப்பாளர் செய்யும் வேலை அடிப்படையில் இதுதான்.

இங்கே ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் மறு அச்சையும் பல பதிப்பகங்கள் “இரண்டாம் பதிப்பு” என்றே போட்டுவிடுகின்றன. ஆங்கில நூல் உலகில் பதிப்பு வேறு, அச்சு வேறு. ஒரே எழுத்துக்கோப்பிலிருந்து, பெரிதாக எதையும் மாற்றாமல், எத்தனை முறை அச்சடித்தாலும் அது ஒரே பதிப்புதான். ஒவ்வொரு முறையும் அச்சு எண் மட்டும் கூடும். சேகரிப்பாளர்கள் ‘முதற்பதிப்பு’ என்று சொல்லும்போது அவர்கள் மனத்தில் இருப்பது முதற்பதிப்பின் முதல் அச்சு. அன்று எந்திரத்திலிருந்து முதலில் இறங்கிய கட்டு.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வழக்கம் மாறும். ஃபேபர் அண்ட் ஃபேபர் 1954இல் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நாவலில், முதலில் வெளியான ஆண்டு ரோமன் எண்ணில், அதுவும் சிறிய எழுத்தில் இருக்கும். ரோமன் எண் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் நீண்டகாலம் முதல் அச்சில் ஒன்றுமே போடாது. மறு அச்சில் மட்டும் சொல்லும். எதுவும் சொல்லாமல் இருப்பதே அங்கே அடையாளம். பிற்காலத்தில் எண் வரிசை வந்தது. 10, 9, 8 என்று இறங்கி 1இல் முடிந்தால் முதல் அச்சு. இரண்டாம் அச்சுக்குப் போகும்போது 1ஐ நீக்கிவிடுவார்கள். நான் சொன்ன ஹாரி பாட்டரில் இந்த வரிசை 10 முதல் 1 வரை முழுமையாக இருக்க வேண்டும். 53ஆம் பக்கத்தில், பள்ளிக்கு மாணவர் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில், மந்திரக்கோல் இரண்டு முறை வந்திருக்க வேண்டும். யாரோ மெய்ப்புத் திருத்துபவர் கவனிக்காமல் விட்டது. பள்ளி திறக்கும் வாரத்தில் நாம் ஒட்டும் அறிவிப்புகளிலும் இப்படி நடப்பதுண்டு; அதற்கு யாரும் கோடி கொடுப்பதில்லை.

அச்சுப்பிழைகளை வைத்து முதல் அச்சைக் கண்டுபிடிப்பது இத்துறையில் பழைய வித்தை. ஈவ்லின் வா எழுதிய ‘டிக்ளைன் அண்ட் ஃபால்’ 1928இல் சாப்மன் அண்ட் ஹால் வெளியீடாக வந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்ட இளைஞன் ஒருவன், வேறு வழியில்லாமல் வேல்ஸ் பகுதியில் ஓர் உருப்படாத பள்ளியில் ஆசிரியராகச் சேரும் கதை. ஆசிரியர் வேலையை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கக் கிண்டல் செய்த நாவல் குறைவு. அதன் தொடக்கப் பிரதிகளில் 168, 169ஆம் பக்கங்களில் இரண்டு பாத்திரங்களின் பெயர்கள், அன்று லண்டனில் உலவிய உண்மையான மனிதர்களை நினைவூட்டின. பிறகு வந்த பிரதிகளில் அந்தப் பெயர்கள் மாற்றப்பட்டன. அந்தப் பழைய பெயர்கள் இருந்தால்தான் சேகரிப்பாளர் கை நீட்டுவார். நகைச்சுவை நாவலில் யார் யாருக்கு மனம் புண்படும் என்று பதிப்பகம் கவலைப்பட்ட அந்தச் சில வாரங்களின் வரலாறு, அந்த இரண்டு பெயர்களில் இருக்கிறது.

இவையெல்லாம் சுவையான துணுக்குகள்தாம். இப்போது வகுப்பறைக்கு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டைச் சொல்கிறேன்.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘நைன்டீன் எய்ட்டி-ஃபோர்’ நாவலை நீங்கள் அறிவீர்கள். 1949 ஜூன் 8 அன்று செக்கர் அண்ட் வார்பர்க் வெளியிட்டது. கதாநாயகன் வின்ஸ்டன், இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்ல முடிவதே சுதந்திரம் என்று நாட்குறிப்பில் எழுதுகிறான். அரசு அவனைப் பிடித்து, வதைத்து, மனத்தை உடைக்கிறது. கடைசியில் ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்து, மேசையில் படிந்த தூசியில் விரலால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதுகிறான். அந்த ‘5’தான் அவனுடைய தோல்வி. முதல் அச்சில் அந்த 5 இருக்கிறது. பின்வந்த பிரிட்டிஷ் அச்சுகளில் அது எப்படியோ உதிர்ந்துபோனது. சமன்குறியோடு வரி நின்றுவிட்டது. அதைப் படித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வின்ஸ்டன் விடையை எழுதவில்லை, உள்ளுக்குள் எங்கோ இன்னும் எதிர்க்கிறான் என்றுதானே? ஒரு எண் காணாமல் போனதில் நாவலின் முடிவே தலைகீழாகிவிட்டது. 1980களில் பீட்டர் டேவிசன் ஆர்வெல்லின் நூல்களை ஒப்புநோக்கிப் பதிப்பித்தபோது 5 தன் இடத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட பல ஆண்டுகள், ஆசிரியர்கள் அந்த வரியை வகுப்பில் எத்தனை விதமாக விளக்கியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இரண்டாவது, ஆன்டனி பர்ஜஸ் எழுதிய ‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’. வன்முறையில் இன்பம் காணும் அலெக்ஸ் என்ற பதின்வயதுப் பையனின் கதை. 1962இல் லண்டனில் ஹைன்மன் வெளியிட்ட முதற்பதிப்பில் 21 அத்தியாயங்கள் உள்ளன. ஒருவன் பெரியவனாகும் வயது 21 என்ற அன்றைய வழக்கை வைத்தே பர்ஜஸ் அந்த எண்ணைத் தேர்ந்தார். கடைசி அத்தியாயத்தில் அலெக்ஸுக்கு வன்முறை சலித்துப்போகிறது. திருமணம், குழந்தை, குடும்பம் என்று யோசிக்கத் தொடங்குகிறான். யாரும் அவனைத் திருத்தவில்லை, வளர்கிறான், அவ்வளவுதான். 1963இல் நியூயார்க்கில் நார்ட்டன் பதிப்பகம் வெளியிட்டபோது அந்த 21ஆம் அத்தியாயத்தை விட்டுவிட்டது. அமெரிக்கப் பிரதியில் அலெக்ஸ் மாறுவதே இல்லை. ஸ்டான்லி குப்ரிக் 1971இல் எடுத்த புகழ்பெற்ற திரைப்படமும் அந்தக் குறைந்த வடிவத்தைத்தான் பின்பற்றியது. 1986இல்தான் அமெரிக்க வாசகர்களுக்கு முழு நாவல் கிடைத்தது.

எனக்கு இது சாதாரணப் பதிப்புச் செய்தியாகத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அடங்காத பையன் ஒருவனைப் பார்த்து, “இவன் மாறவே மாட்டான்” என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்லியிருக்கிறோம், அல்லது சொல்லக் கேட்டிருக்கிறோம். இருபது அத்தியாயத்தோடு நிறுத்தினால் நாவல் அதைத்தான் சொல்கிறது. இருபத்தொன்றாம் அத்தியாயம் வேறு ஒன்றைச் சொல்கிறது. இருபதோடு நிறுத்துவதே கலை நயம் மிக்கது என்று வாதிடும் விமர்சகர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும், நம் கையில் இருக்கும் பிரதி எது என்று தெரிந்துகொண்டல்லவா வாதிட வேண்டும்?

மாறியதெல்லாம் பிழையாலும் வெட்டாலும் மாறியவை என்று நினைத்துவிட வேண்டாம். எழுத்தாளரே மாற்றியதும் உண்டு. டோல்கியனின் ‘தி ஹாபிட்’ 1937 செப்டம்பரில் ஆலன் அண்ட் அன்வின் வெளியீடாக 1,500 பிரதிகள் அச்சாயிற்று. அதில் கோலம் என்ற பாத்திரம் விடுகதைப் போட்டியில் தன் மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்ளும். பின்னால் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதும்போது அந்த மோதிரம் யாரும் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாத தீய பொருளாகிவிட்டது. ஆகவே 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை டோல்கியன் மாற்றி எழுதினார். இன்று குழந்தைகள் படிப்பது அந்த மாற்றிய வடிவம். இந்த நாவலைப் பதிப்பிக்கலாமா என்று பதிப்பாளர் கருத்துக் கேட்டது தம் பத்து வயது மகனிடம். மதிப்புரைக்குக் கூலி ஒரு ஷில்லிங். பையன் நல்லவிதமாக எழுதிக் கொடுத்தான்.

மேலுறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. கெட்டி அட்டை நூலின்மீது கழற்றிப் போடக்கூடிய தாளுறை ஒன்று இருக்கும். தொடக்கத்தில் அது கடை வரைக்கும் அட்டையில் அழுக்குப் படாமல் காக்கும் தாள் மட்டுமே. வாங்கியவர்கள் கிழித்துப் போட்டார்கள். நூலகங்கள் கழற்றிப் போட்டன. பிரிட்டனின் பெரிய நூலகங்களேகூட நூலை அடுக்கில் வைக்கும்போது மேலுறையை எடுத்துவிட்டார்கள். ஆகையால் 1920, 1930களின் நாவல்களில் நூல் கிடைக்கும், மேலுறை கிடைக்காது. கிரகாம் கிரீனின் ‘பிரைட்டன் ராக்’ 1938இல் ஹைன்மன் வெளியிட்டது. மேலுறை இல்லாத பிரதி ஒரு விலை. மேலுறையோடு இருந்தால் அதைப்போல் பல மடங்கு. ஒரு தாள், நூலைவிட மதிப்பு மிக்கதாகிவிட்டது. இந்த நாவலின் அமெரிக்கப் பதிப்பு லண்டன் பதிப்புக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் எழுத்தாளரின் தாய்நாட்டுப் பதிப்பைத்தான் பலர் தேடுகிறார்கள். சேகரிப்பாளர்களின் தர்க்கம் எப்போதும் நேராக இருக்காது.

மேலுறையில் காலம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆர்வெல்லின் ‘அனிமல் ஃபார்ம்’ முதற்பதிப்பில் 1945 மே என்று அச்சாகியிருக்கிறது. நூல் உண்மையில் வெளிவந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 17. போர்க்காலத்தில் தாளுக்கு அவ்வளவு பஞ்சம். சில பிரதிகளின் மேலுறையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் உட்புறம் வேறொரு நூல்வரிசையின் மேலுறை அச்சாகியிருக்கும். ‘சர்ச்லைட் புக்ஸ்’ என்ற அந்த வரிசையின் பதிப்பாசிரியர்களில் ஆர்வெல்லும் ஒருவர். மிஞ்சிக் கிடந்த பழைய உறைகளின் பின்பக்கத்தில் புதிய உறையை அச்சடித்துவிட்டார்கள். ஒருபக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தில் தேர்வுக் கணக்கு போடவைக்கும் நமக்கு இது உடனே புரியும். போர்க்காலத் தாள் பங்கீடு என்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோவதை, இந்த ஒரு உறையைத் திருப்பிக் காட்டினால் குழந்தை மறக்காது. லண்டனில் பதிப்பகங்கள் நெருங்கியிருந்த பேட்டர்னாஸ்டர் ரோ தெரு, 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பலாயின. சில நாவல்களின் முதற்பதிப்பு அரிதாக இருப்பதற்குப் போரும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வாசகர்கள். அந்த நாளில் ஒரு புதிய நாவலின் வழக்கமான விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ் என்றால் மொத்தம் 90 பென்ஸ். 1935இல் பெங்குயின் பேப்பர்பேக் ஆறு பென்ஸுக்கு வந்தது. பதினைந்து மடங்கு வேறுபாடு. ஆகவே சாதாரண மக்கள் கெட்டி அட்டை நாவலை வாங்கவில்லை, வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். பூட்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனமே நாடு முழுக்கத் தன் கடைகளில் நூலகம் நடத்தியது. 1966 வரை அது இருந்தது. இருமல் மருந்தோடு நாவலும் வாங்கி வந்திருக்கிறார்கள். பல நாவல்களின் முதல் அச்சில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நூலகங்களுக்குப் போய், கை மாறிக் கை மாறித் தேய்ந்து ஒழிந்தது. ஹாரி பாட்டரிலும் அதே கதைதான். 1997 ஜூன் 26 அன்று வந்த கெட்டி அட்டைப் பிரதிகள் 500 மட்டுமே. அவற்றில் பாதிக்குமேல் நூலகங்களுக்குச் சென்றன என்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். சேகரிப்பாளரின் சந்தையில் அதிக விலை போவது யாரும் படிக்காத பிரதி. முதுகு வெளுக்கக் கூடாது, மூலை மழுங்கக் கூடாது. பிறந்தநாள் பரிசாகத் தரும்போது மேலுறையின் உள்மடிப்பில் உள்ள விலையைக் கத்தரித்துத் தருவது ஆங்கிலேயர் பண்பு. அப்படிக் கத்தரித்திருந்தால் சேகரிப்பாளர் மதிப்பைக் குறைத்துவிடுவார். நூலக முத்திரை இருந்தால் இன்னும் மோசம். பத்து வயதுக் குழந்தைகள் ஐம்பது பேர் படித்துப் படித்து முதுகு பிய்ந்த பிரதி ஒன்றும், பெட்டியில் பூட்டி வைத்த பிரதி ஒன்றும் இருந்தால், ஓர் ஆசிரியராக நான் முன்னதன் பக்கம்தான். நூல் தன் வேலையைச் செய்து முடித்த தழும்பு அது.

சந்தையிலும் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: எழுதியவரே கிறுக்கிய பிரதி. 2013 மே மாதம் லண்டன் சோதபீஸ் ஏலத்தில், ‘இங்கிலீஷ் பென்’ என்ற எழுத்தாளர் அமைப்புக்கு நிதி திரட்ட, ஐம்பது முதற்பதிப்புகளை அவற்றை எழுதியவர்களிடமே கொடுத்து ஓரங்களில் மனம்போல எழுதவைத்தார்கள். கஸுவோ இஷிகுரோ ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே’ பிரதியில் எழுதினார். ரௌலிங் தம் முதல் நாவலின் ஓரங்களில் குறிப்புகளும் படங்களும் வரைந்தார். அது மட்டும் 1,50,000 பவுண்டுக்குப் போனது.

நான் இதுவரை சொன்ன எழுத்தாளர்களை ஒரு பட்டியலாக எழுதிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. வா வேல்ஸ் பள்ளியில் ஆசிரியர். ஆர்வெல் சிறிது காலம் பள்ளி ஆசிரியர். பர்ஜஸ் இங்கிலாந்திலும் மலாயாவிலும் ஆசிரியர். ரௌலிங் போர்ச்சுகலில் ஆங்கிலம் கற்பித்தவர். டோல்கியன் பேராசிரியர். வில்லியம் கோல்டிங் சாலிஸ்பரி நகரின் பிஷப் வேர்ட்ஸ்வொர்த் பள்ளியில் ஆசிரியராக இருந்தபடி, பள்ளி நோட்டுப் புத்தகங்களில்தான் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நாவலை எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபரிலும் முதலில் படித்தவர் வேண்டாம் என்றே எழுதிவைத்தார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த சார்லஸ் மான்டீத் அந்தக் கட்டை எடுத்துப் படித்து, தொடக்கப் பகுதியை நீக்கச் செய்து, நாவலைக் காப்பாற்றினார். தலைப்புகூட கோல்டிங் வைத்ததல்ல. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே அந்த முதற்பதிப்பில் இருப்பது ஓர் ஆசிரியரின் எழுத்தும் ஒரு பதிப்பாசிரியரின் கத்தரிக்கோலும் சேர்ந்த ஒன்று. முதற்பதிப்பு என்பதாலேயே அது எழுத்தாளரின் தூய மூலம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் முதற்பதிப்புகளில் நமக்கு நெருக்கமான பெயர் ஒன்று உண்டு. ராசிபுரம் கிருஷ்ணசாமி ஐயர் நாராயணசாமி, அதாவது ஆர். கே. நாராயண். 1906இல் சென்னையில் பிறந்தவர். தந்தை தலைமையாசிரியர். இவரும் சில நாள் பள்ளி ஆசிரியராக இருந்து பார்த்து, ஓடிவந்துவிட்டார். முதல் நாவலை லண்டன் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பின. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு, கல்லைக் கட்டி தேம்ஸ் ஆற்றில் போட்டுவிடு என்று எழுதினார் நாராயண். நண்பர் அதை ஆற்றில் போடாமல் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் பரிந்துரைக்க, ஹாமிஷ் ஹாமில்டன் 1935இல் ‘சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்’ நாவலை வெளியிட்டது. தலைப்பும் கிரீன் யோசனை. நீண்ட பெயரைச் சுருக்கியதும் கிரீன் யோசனை.

இப்போது பதிப்பு விவரப் பக்கங்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1935, ஹாமிஷ் ஹாமில்டன். 1937இல் ‘தி பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’, நெல்சன், கிரீன் முன்னுரை. 1938இல் ‘தி டார்க் ரூம்’, மேக்மில்லன். 1945இல் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’, அயர் அண்ட் ஸ்பாட்டிஸ்வுட். நான்கு நாவல், நான்கு பதிப்பகம். ஒரு வரிகூடக் கதையைப் படிக்க வேண்டாம். புத்தகம் விற்கவில்லை, ஒவ்வொரு முறையும் புதிய கதவைத் தட்ட வேண்டியிருந்தது என்பதை அந்த நான்கு பெயர்களே சொல்லிவிடுகின்றன. நான்காவது கதவு திறந்ததற்கும் காரணம் உண்டு. அப்போது அந்தப் பதிப்பகத்தில் இயக்குநராக இருந்தவர் கிரகாம் கிரீன். 1938க்கும் 1945க்கும் நடுவே ஏழு ஆண்டு இடைவெளி. அதில் ஒரு உலகப் போர் இருக்கிறது. 1939இல் டைஃபாய்டு காய்ச்சலில் மனைவி ராஜத்தை இழந்த துயரமும் இருக்கிறது. ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ அந்தத் துயரத்திலிருந்து எழுந்த நாவல், அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

லண்டனில் அச்சான இந்த நூல்களை இந்தியாவில் யாரும் சட்டப்படி ஒப்படைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு இந்திய நூல்கள் அனைத்தும் வந்துசேர வேண்டும் என்ற சட்டமே 1954இல்தான் வந்தது. ஆகவே அன்று இங்கே யாராவது காசு கொடுத்து வாங்கியிருந்தால்தான் அந்த முதல் அச்சு இங்கே இருக்கும். பழைய உதவிபெறும் பள்ளிகள், கல்லூரிகள், மன்றங்கள் ஆகியவற்றின் நூலக அலமாரிகளில் ஒரு பிரதி ஒளிந்திருக்கலாம். பழைய தாள் வியாபாரிக்கு எடைக்குப் போயிருக்கவும் கூடும்.

நூலகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது சிறிய வேலைதான். பயன்படாத நூல் என்று இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்குமுன் ஒவ்வொன்றிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆங்கில நூலுக்கு மட்டும் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுக்கு முந்திய தமிழ் நாவலுக்கும், சிறுவர் நூலுக்கும் இது பொருந்தும். பைண்டு செய்யக் கொடுக்கும்போது பழைய அட்டையைக் கிழித்து எறிய வேண்டாம், உள்ளே சேர்த்துத் தையுங்கள் என்று பைண்டரிடம் சொல்லுங்கள். பழைய அட்டையில்தான் ஓவியர் பெயரும் விலையும் இருக்கும். முத்திரை குத்துபவர் பெரும்பாலும் அச்சு விவரத்தின் மேலேயே குத்துகிறார். வெற்றிடம் பார்த்துக் குத்தச் சொல்லுங்கள்.

வகுப்பில் செய்ய வேண்டுமென்றால் ஒரு பாடவேளை போதும். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, கதையைத் தொடாமல், பதிப்பு விவரப் பக்கத்தையும் பின்னட்டையையும் மட்டும் வைத்து அந்தப் புத்தகத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எந்த ஊரில் அச்சாயிற்று, எத்தனையாவது அச்சு, முதல் அச்சுக்கும் இதற்கும் எத்தனை ஆண்டு, விலை எவ்வளவு ஏறியது. ஏழாம் வகுப்புக் குழந்தைகள் இதில் காட்டும் துப்பறியும் ஆர்வம் நம்மை வெட்கப்படவைக்கும். கணக்கு ஆசிரியரும் சேர்ந்துகொள்ளலாம்.

கோடி பெறும் பிரதி எதுவும் என்னிடம் இல்லை. அந்த ஓரத்து மேசையில் ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ நாவலின் மறு அச்சுப் பிரதிகள் மூன்று வைத்திருக்கிறேன், மூன்றும் மலிவானவை. இதே நாவல் 1953இல் அமெரிக்காவில் ‘கிரேட்ஃபுல் டு லைஃப் அண்ட் டெத்’ என்ற வேறு பெயரில் வந்தது. அந்தப் பெயர் மூன்று பிரதிகளில் எதிலாவது குறிக்கப்பட்டிருக்கிறதா, 1945 என்ற ஆண்டு எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று பாருங்கள். தேநீர் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. முன்வரிசையிலிருந்து ஒருவர் வந்து முதல் பிரதியின் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.